ஒற்றைக்கண்ணியின் வலப்பக்கம்

குதிரைப் பண்ணையில் எல்லோரும் அவளை மருத்துவச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதப் பிள்ளை ஒன்றைக்கூட அவள் கையில் ஏந்தியதில்லை. ஆனால் அங்கே பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் இந்த உலகத்தில் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான். சாணி அள்ள வந்தவள், முழங்கை வரை கையை விட்டுக் குட்டியின் காலைத் திருப்பிவிடும் அளவுக்கு எப்படித் தேறினாள் என்று கேட்டால், கூப்பிட்ட நேரத்துக்கு டாக்டர் வரவில்லை, வேறு என்ன செய்ய என்பாள். அவளுடைய படிப்பு அவ்வளவுதான்.

குதிரைக்காரர்கள் ஒரு தினுசு. சொந்தக் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். குதிரையின் ஏழு தலைமுறையும் நாக்கு நுனியில் நிற்கும். அந்த வருஷம் அவர்கள் வாய் ஓயாமல் பேசியது சின்னவன் என்ற இளங்குதிரையைப் பற்றி. அப்பன் பெரிய பந்தயங்களை அள்ளியவன். அம்மா வழியில் தொட்டதெல்லாம் ஓட்டக்காரர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அம்மா சின்னவனை ஈன்ற கையோடு செத்துப்போனாள். அவனுக்குப் பால் கொடுத்து வளர்த்தது ஒரு வண்டிக் குதிரை. அந்த வாரம்தான் அது தன் குட்டியைப் பறிகொடுத்திருந்தது. அதற்கு இடது கண் குருடு.

ராஜ வம்சத்துப் பிள்ளை கூலிக்காரியிடம் பால் குடித்தான் என்று தெரிந்தால் வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களாம். வாயைத் திறக்கக் கூடாது என்று பண்ணை முதலாளி சொல்லிவைத்தார். மருத்துவச்சியும் திறக்கவில்லை. வேலை போனால் பண்ணைக்குள் இருக்கும் அந்த ஒற்றை அறையும் போய்விடும்.

ஒற்றைக்கண்ணி நல்ல தாய். ஆனால் இடப்பக்கம் எது வந்தாலும் அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்று உரசினால் உதைத்துவிடுவாள். ஒருநாள் சின்னவன் அந்தப் பக்கம் போய் உதை வாங்கிச் சுருண்டு விழுந்தான். பிழைப்பானா என்பதே சந்தேகமாகிவிட்டது. அவன் எழுந்த பிறகு மருத்துவச்சி கையில் குச்சியோடு புல்வெளியே கதி என்று கிடந்தாள். அவன் தாயின் இடப்பக்கம் போகும்போதெல்லாம் குச்சியால் தட்டி வலப்பக்கம் விரட்டினாள். பால்குடி மறப்பதற்குள் பாடம் எலும்பில் ஏறிவிட்டது. ஓடும்போது தாய் தனக்கு இடப்பக்கம்தான் இருக்க வேண்டும். தன் வலப்பக்கத்தில் ஒரு குதிரை தெரிந்தால் உடம்பு நடுங்கி, சட்டென்று அதன் பின்னால் வெட்டி மறுபக்கம் பாய்ந்துவிடுவான். குட்டியைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பெருமை. யாராக இருந்தாலும் பெருமைப்பட்டிருப்பார்கள்.

சின்னவன் விலைபோய், பந்தயக் குதிரையானான். அவன் மேல் ஏறும் வாய்ப்பு அவளுடைய மாப்பிள்ளைக்கே கிடைத்தது. ஜாக்கிகளுக்கே உரிய சிட்டுக்குருவி உடம்பு அவருக்கு. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது, யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்து மருத்துவச்சி அவருக்கு மிட்டாய் கொடுத்த கதையைச் சொல்லி மகள் இன்னும் சிரிப்பாள். அந்த மைதானத்தில் பாதை வலப்பக்கமாக வளையும், உள்வேலியும் வலப்பக்கம்தான். முதல் இரண்டு பந்தயத்திலும் குலுக்கலில் சின்னவனுக்கு, ஓட்டம் கிளம்பும் கேட்களில் உள்வேலியோரக் கேட் விழுந்தது. வலப்பக்கம் வேலியைத் தவிர ஒன்றுமில்லை. அவன் பாட்டுக்கு ஓடி ஜெயித்தான். மருத்துவச்சி குச்சியையும் மறந்தாள், குருட்டுக் கண்ணையும் மறந்தாள்.

குட்டி போடும் காலம் முடிந்து அவள் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது பெரிய பந்தயம் நெருங்கியது. மாப்பிள்ளையின் தட்டில் குருவி கொத்துகிற அளவுதான் சாப்பாடு. இந்தத் தடவை வெளிப்பக்கக் கடைசிக் கேட், மற்ற எல்லாக் குதிரையும் தனக்கு வலப்பக்கம்தான் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். மறந்துபோன குச்சியும் குருட்டுக் கண்ணும் மருத்துவச்சிக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன. தட்டை நகர்த்தி வைத்தாள்.

மாமியார் மாப்பிள்ளைக்குக் குதிரை ஓட்டப் பாடம் நடத்துவதா? இரண்டு நாள் அந்த வெட்கத்தோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் பயம் ஜெயித்தது. மகள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, முதலாளிக்குக் கொடுத்த வாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள்.

அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"போன வாரம் காலைல ஓட்டிப் பார்க்கும்போது ஒரு குதிரை உள்பக்கமா வந்துச்சு, அத்தை. என் காலுக்கு அடியில அவன் உடம்பு நடுங்குச்சு. நான் குளிர்னு நெனச்சேன்."

"நீங்க ஏற வேண்டாம், மாப்பிள்ளை."

"பயந்துட்டான்னு பேர் வந்தா அப்புறம் ஒரு கழுதைகூட எனக்குத் தர மாட்டாங்க. முதுகு வலின்னு சொல்லிடறேன். நீங்களும் வெளிய மூச்சு விடாதீங்க. உங்க வேலையும் போயிடும்."

பொய்தான். ஆனாலும் அன்று அவளுக்கு வந்த நிம்மதி வாழ்நாளில் வந்ததில்லை. சாயங்காலம் வரை அது நிலைத்தது.

சாயங்காலம் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். அவள் புருஷனும் ஜாக்கி. மாப்பிள்ளையும் அவனும் விடிகாலையில் ஒரே ஸ்கூட்டரில் மைதானத்துக்குப் போகிறவர்கள். சின்னவனை அவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்தவர் வலியில் தங்களுக்கு வாய்ப்பு வந்ததே என்று அவள் வாசலிலேயே தயங்கி நின்றாள். சந்தோஷத்தை மறைக்கவும் தெரியவில்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தன் வீட்டுக் கூரையிலிருந்து தீயை எடுத்து எதிர் வீட்டுக் கூரையில் போட்டுவிட்டோமே என்று மருத்துவச்சி உள்ளுக்குள் மருகினாள்.

மறுநாள் சொல்லிவிடுவது என்று எதிர் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் புருஷனின் பந்தயச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முழுதும் சொன்னால் மாப்பிள்ளையின் பொய் உடையும். தன் வேலையும் போகும். பாதிதான் வாயில் வந்தது. அந்தக் குதிரை கொஞ்சம் வம்பு பிடித்தது, வலப்பக்கம் பார்த்து ஓட்டச் சொல் என்றாள். வம்பு பிடிக்காத குதிரை எது, அதற்குத்தானே இவர்களை வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சிரித்துவிட்டு, உட்கார நாற்காலி போட்டாள். மருத்துவச்சி உட்காராமல் வந்துவிட்டாள்.

பந்தயத்தன்று மருத்துவச்சியும் எதிர் வீட்டுப் பெண்ணும் வேலியோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கேட் திறந்தது. நேர்ப்பாதையில் அந்தப் பெண்ணின் புருஷன் சின்னவனை மற்றவற்றிலிருந்து தள்ளியே ஓட்டினான். பாதி சொன்னதே போதுமோ என்று மருத்துவச்சிக்கு ஒரு நப்பாசை. வளைவு வந்ததும் கூட்டம் நெருங்கியது. அவள் சின்னவனின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காது பின்னால் மடங்கியது. அடுத்த நொடி அவன் முன்னால் போன குதிரையின் பின்னால் வெட்டினான். அதன் குளம்பில் இவன் முன்கால் தட்டியது. சட்டை மட்டும் ஆகாயத்தில் பறந்ததுபோல் இருந்தது. பிறகு அதன் மேல் மற்ற குதிரைகள் வந்தன.

சின்னவன் எழுந்தான். மேலே ஆளில்லாமல், வலப்பக்கம் வேலியை ஒட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் கடைசிவரை ஓடினான்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது, நடப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். மறுநாள் மருத்துவச்சி மருத்துவமனைத் தாழ்வாரத்து பெஞ்சில் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இந்தப் பெண் என்ன செய்வாளோ என்ற பயம் தடுத்தது. அழுது ஓய்ந்திருந்த அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். அவள் மருத்துவச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மாப்பிள்ளை நேத்துலேர்ந்து மருந்துக்கும் ரத்தத்துக்கும் அலையறாரும்மா. அந்த முதுகு வலியோட. கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லுங்க."

கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மருந்துப் பையோடு மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்துகொண்டிருந்தார். மருத்துவச்சி அவசரமாக எழுந்து, அந்தப் பெண்ணின் கண்ணில் அவர் படாதபடி படிக்கட்டை மறைத்துக்கொண்டு நின்றாள்.