கொளஞ்சிநாதன் என் மேல் கட்டிய பிராது

கொளஞ்சிநாதன் அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் என் மேல் சாமியிடம் பிராது கட்டிய மனிதர். அதை முதலில் சொல்லி முடித்தால்தான் மற்றதெல்லாம் எனக்கு வாயில் வரும்.

என் பெயர் ஆண்டாள். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற சாலை முனையில் கரும்பு ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு, இஞ்சி, எலுமிச்சை. மழைக்காலத்தில் கூடவே டீ. கடை மேடை முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்திருக்கும். ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது, ஓரம் உடைந்திருக்கும். கம்பெனியில் கழித்துப் போட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து எதற்காவது பயன்படுத்தாவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது.

அண்ணன் வீடு என் கடைக்குப் பின்னால்தான். பொம்மைக் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். அவர் மனைவி அமிர்தம் அண்ணி அங்கேயே பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். கொலு முடிந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை குறைந்துவிடும். அப்படி ஓய்ந்திருந்த ஒரு சமயத்தில் அண்ணன் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் வந்தார். போகும்போது கொளஞ்சிநாதனாகப் போனவர் வரும்போது புரொபசராக வந்து இறங்கினார். அதன் பிறகு எங்கள் தெருவில் பூவைப் பற்றியோ தேனைப் பற்றியோ ஒருவரும் வாயைத் திறக்க முடியவில்லை. "எங்க ட்ரெயினிங்ல என்னா சொன்னாங்கன்னா" என்று ஆரம்பித்துவிடுவார். சேத்தியாத்தோப்பு பஸ் லேட்டாக வந்தால்கூட அதைப் பற்றியும் ட்ரெயினிங்கில் ஏதோ சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வரிசையாகப் பெட்டிகளை வைத்தார். எல்லாம் இத்தாலியத் தேனீ. நம்மூர்த் தேனீயைவிட அதிகமாகத் தேன் கொடுக்கும், அதிகமாகச் சீக்கிலும் விழும். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டி வைத்த ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய பீங்கான் கிண்ணத்துக்குள் நிறுத்தியிருந்தார். ரோஜாப்பூ போட்ட கிண்ணங்கள். என் வீட்டில் சம்பந்தி வந்தால்கூட அப்படிப்பட்ட கிண்ணத்தில் பாயசம் கிடையாது.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டிகள்தான் அவருடைய அடுத்த பிழைப்பு. கம்பெனியில் புதிதாக கேஸ் சூளை வந்துவிட்டது; அதற்கு இத்தனை ஆள் தேவையில்லை என்று பேச்சு அடிபட்டது. பாதி ஆயுசை நெருப்புக்கு முன்னால் கழித்த மனிதர், இனிமேலாவது நிழலில் நின்று வேலை பார்க்க வேண்டும் என்று நினைத்தார். மங்கலம்பேட்டை சாலையில் ராஜமாணிக்கம் என்பவருக்குப் பெரிய முந்திரித் தோப்பு இருக்கிறது. தேனீ வந்தால் முந்திரி நன்றாகக் காய்க்கும். தை மாதம் பூக்கும்போது பெட்டிகளைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லியிருந்தார். சரியாக வந்தால் வருஷா வருஷம் அந்தத் தோப்பு அண்ணனுக்குத்தான். ஆகவே மழையையும் பனியையும் தாண்டித் தை வரை தேனீக்கள் உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஐப்பசி மழையில் பூவெல்லாம் உதிர்ந்தது. வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் தேனீக்கள் நேராக என் கடைக்கு வந்தன. மெஷின் மேல், டம்ளர் விளிம்பில், பின்னால் குவித்த கரும்புச் சக்கை மேல் எங்கும் ஈதான். வாடிக்கையாளர்கள் தூரத்தில் நின்றே கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இதற்கு அண்ணன் என்னிடம் மன்னிப்பல்லவா கேட்க வேண்டும்? சண்டைக்கு வந்தார்.

"தங்கச்சி, எங்க புள்ளைங்கள நீ கெடுத்துட்ட. பூவுக்குப் போவாம உன் சக்கை மேலயே வுழுந்து கெடக்குதுங்க."

"ரோட்டுல பறக்குற ஈக்கு நான் கதவா போட முடியும்? வேணும்னா உங்க புள்ளைங்கள வூட்லயே கட்டிப் போடுங்கண்ணே."

கார்த்திகை கடைசியில் தேனீக்கள் சாகத் தொடங்கின. பெட்டிக்கு முன்னால் மண்ணில் ஊர்ந்துகொண்டிருக்கும். இறகு கசங்கிப் போயிருக்கும், பறக்க வராது. ஒரு பெட்டி காலியானது, பின்னாலேயே இன்னொன்று. அண்ணன் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அண்ணி சொன்னார்.

எந்தக் கேடு வந்தாலும் பழியைப் போட ஒரு ஆள் வேண்டுமே. அந்த வாரம் நான் கடையோரச் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன். வெள்ளையாக எதையோ நான் தூவுவதை அவர் பார்த்துவிட்டார். சக்கையில் நான் பூச்சிமருந்து கலந்து தேனீயைக் கொல்கிறேன் என்று முடிவே கட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குகிறவர்கள்கூட அந்த முருகனிடம் போய்விடுவார்கள். இன்னாரால் எனக்கு இன்ன கெடுதல் என்று தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து, அதே கோயிலில் இருக்கிற முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். அதுதான் பிராது. சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். குறை தீர்ந்தால் கட்டினவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது. ஊருக்குள் இந்தச் சாமி பெயரைத் தாங்கிய ஆண்கள் ஏராளம். நம்ம அண்ணனுக்கோ, தான் சொன்னால் சாமி தனியாகக் கவனிக்கும் என்று ஒரு நினைப்பு.

சேதியை அண்ணிதான் வந்து சொன்னார். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார்.

"ஆண்டாளு, உங்கண்ணன் உன் மேல பிராது கட்டிட்டு வந்துட்டாரு. மனசுல வச்சிக்காதம்மா."

"சாமிகிட்ட குடுத்துட்டு வந்தா நான் எப்படி அண்ணி வச்சிக்காம இருக்கறது?"

எனக்குப் பயமில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் காலை ஜூஸ் மெஷின் பெல்ட் அறுந்தது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த பெல்ட் எப்போதோ அறுந்திருக்க வேண்டியது என்று அறிவு சொன்னது, மனசு கேட்கவில்லை. செய்யாத குற்றத்துக்குச் சாமி சந்நிதியில் என் பெயர் தொங்குகிறதே என்ற நினைப்பு வரும்போதெல்லாம் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணன் கடையைத் தாண்டிப் போனால் நான் மெஷினை ஓட்டுவேன், கரும்பே இல்லாவிட்டாலும்.

மார்கழியில் ஒரு நாள் பனி விலகி வெயில் வந்த நேரம். ஒரு தேனீ பறந்து வந்து மேடையில் தொப்பென்று விழுந்தது. தட்டிவிடப் போனேன். அதன் முதுகில் செம்மண் நிறத்தில் பளபளப்பாக ஒரு பொட்டு. தேனீக்கு ஏது பொட்டு என்று குனிந்து பார்த்தேன். பொட்டு இறங்கி நடந்து போனது. வெள்ளை டைல்ஸ் ஆனதால்தான் கண்ணில் பட்டது; மண்ணில் விழுந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இரண்டின் மேலும் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். அந்த இடத்தில் மட்டும் டைல்ஸைப் பதிக்காமல் சும்மா வைத்திருந்தேன். அப்படியே தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பல நாள் சேர்த்து வைத்த வசவெல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"அண்ணே, உங்க புள்ளைய கொன்ன ஆளக் கொண்டாந்திருக்கேன். இவன் பேர்ல கட்டுங்க பிராது!"

அண்ணன் குனிந்து பார்த்தார். முகம் சுண்டிப் போனது.

"உண்ணி தங்கச்சி இது."

"இதப் பத்தி உங்க ட்ரெயினிங்ல ஒண்ணும் சொல்லலியா?"

அண்ணிதான் உள்ளேயிருந்து பதில் சொன்னார். "சொன்னாங்களாம். மத்தியானம் பிரியாணி போட்டுட்டு, அதுக்கப்புறம் சொன்னாங்களாம்."

வசவு அத்தனையும் எனக்குள்ளேயே சிரிப்பாகக் கரைந்துவிட்டது. தூங்கின மனிதரை என்னவென்று திட்டுவது?

அண்ணன் பயிற்சி கொடுத்தவருக்கு போன் போட்டு, இந்த முறை விழித்துக்கொண்டு கேட்டார். இந்த உண்ணி தேனீயின் மேல் தொற்றிக்கொண்டு அதன் சத்தை உறிஞ்சும். கூட்டுக்குள் மூடிக் கிடக்கிற குஞ்சையும் விடாது. அப்படிப் பிறக்கிறதுதான் இறகு கசங்கிப் பிறக்கிறது. பனிக்காலத்தில் ராணி முட்டையிடுவது குறைவு. ஒளிந்துகொள்ளக் குஞ்சு அதிகமில்லாததால் உண்ணியெல்லாம் தேனீ முதுகில்தான் இருக்கும். அடித்தால் இப்போது அடிக்க வேண்டும்; விட்டால் தையில் பெட்டிதான் இருக்கும், தேனீ இருக்காது என்றாராம்.

மிச்சமிருந்தது மூன்றே பெட்டி. அண்ணி மிக்ஸியில் சர்க்கரையை மாவாக அரைத்துச் சலித்துக் கொடுத்தார். அண்ணன் பெட்டிக்குள் அடை தொங்குகிற சட்டங்களுக்கு நடுவே அதைத் தூவினார். தேனீக்கள் மாவு மில்லில் வேலை பார்த்தவர்கள் மாதிரி வெள்ளையாக வெளியே வந்து தம்மைத் தாமே துடைத்துக்கொண்டன. துடைக்கும்போது பிடி வழுக்கி உண்ணி கீழே விழும். பெட்டிக்கு அடியில் கம்பிவலை போட்டு, அதற்குக் கீழே தேங்காயெண்ணெய் தடவிய டைல்ஸைச் செருகி வைத்தோம். என் கடை டைல்ஸ்தான். விழுந்தது எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். வெளியே இழுத்துப் பார்த்தால் கடுகு சிந்தின மாதிரி இருந்தது. அண்ணி கண் எழுதுகிற தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

அது போதாது என்று ஆண் தேனீக் குஞ்சு இருந்த அடைப் பகுதியை அறுத்தெடுத்தார் அண்ணன். உண்ணிக்கு அந்தக் குஞ்சு என்றால் உயிராம். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, உண்ணியைக் கொல்கிற அமிலத்தை அளந்து, அதில் அட்டையை நனைத்துப் பெட்டிக்குள் வைத்தார். தூறல் நாளில் தேனீக்குத் தீனியாகச் சர்க்கரைப் பாகு ஊற்றினார். ஊர்த் தேனீயெல்லாம் என் சக்கையில் கூடினால் உண்ணி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் என்று அவர் சொன்னதால் நான் தார்ப்பாய் வாங்கிச் சக்கையை மூடினேன். யார் மேல் பிராது இருக்கிறதோ அவளே தார்ப்பாயும் வாங்குகிறாள், பாருங்கள்.

"பிராது என்னாச்சுண்ணே?" என்றேன்.

"ஈ பொழைக்கட்டும் தங்கச்சி. தையில நல்ல நாளு பாத்துப் போயி எடுத்துடறேன்."

"அதுக்குள்ள சாமி தீர்ப்பு சொல்லிடுச்சுன்னா? ஏறுங்க வண்டில."

என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழி நெடுக ட்ரெயினிங் பேச்சு இல்லை. கோயிலில் வாபஸ் எழுதுகிற இடத்தில் காரணம் கேட்டார்கள். அண்ணன் வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார். பின்னால் நின்ற ஒரு அம்மாள், "சத்தமா சொல்லுங்க, நாங்களும் போவணுமில்ல" என்றார்.

அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "குத்தம் இந்தம்மா மேல இல்ல. எங்க ஈ மேல உண்ணி இருந்துது. நான்தான் பாக்கல. பாக்காம இந்தம்மா பேர எழுதிட்டேன்" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நிமிஷத்துக்கென்று நான் எத்தனையோ குத்தல் பேச்சு யோசித்து வைத்திருந்தேன். ஆனால் எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. திரும்பி வரும்போது அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பொங்கல் கழிந்து சில நாள் ஆனது. ஒரு காலை கடையைத் திறந்து மெஷினைத் துடைத்துவிட்டு நின்றேன். ஒரு தேனீகூட வரவில்லை. வெயில் ஏறியது, ஜூஸ் வியாபாரம் சூடுபிடித்தது, மேடை வெறிச்சென்று கிடந்தது. எத்தனை நாள் இந்தச் சனியன்கள் ஒழியாதா என்று வைதிருப்பேன்! உண்மையிலேயே ஒழிந்துவிட்டதோ?

கடையை அப்படியே போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் பெட்டி ஒன்றுமில்லை. ஸ்டாண்டுகூட இல்லை. ரோஜாப்பூ போட்ட கிண்ணங்கள் மட்டும் தண்ணீரோடு வரிசையாக இருந்தன. அத்தனை பாடுபட்டும் போய்விட்டதே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். போன் போட்டால் அண்ணன் எடுக்கவில்லை. எங்கே போய் என்ன செய்துகொண்டாரோ என்று ஸ்கூட்டரை எடுத்தேன். எனக்குத் தெரிந்த இடம் ராஜமாணிக்கம் தோப்பு ஒன்றுதான்.

தோப்புக்குள் நுழையும்போதே முந்திரிப்பூ வாசனை. அதற்குள்ளே ரீங்காரம். மரத்தடியில் மூன்று பெட்டிகளும் இருந்தன. அண்ணன் மண்டியிட்டு அடியிலிருந்து டைல்ஸை இழுத்துக்கொண்டிருந்தார்; அண்ணி பக்கத்தில் தூக்குவாளியோடு நின்றார்.

"பாத்தியா தங்கச்சி" என்று டைல்ஸைத் தூக்கிக் காட்டினார் அண்ணன். எண்ணெய்தான் மினுங்கியது. அங்கொன்று இங்கொன்று தவிரப் பொட்டு இல்லை.

"தூக்கிட்டு வரும்போது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் எல்லாம் செத்துப் போச்சுன்னு..." முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

அண்ணன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"கடையில ஈ மொய்க்கலன்னு அழுவுற மொத ஜூஸ் கடைக்காரி நீதான். என்னா, எம் மேல பிராது கட்டப் போறியா?"

அண்ணி சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணன் டைல்ஸைத் துண்டால் துடைத்து மறுபடி எண்ணெய் தடவினார். தடவிக்கொண்டே, "பெட்டிய பகல்ல தூக்கக் கூடாது தங்கச்சி. எங்க ட்ரெயினிங்ல என்னா சொன்னாங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

கடை திறந்து கிடக்கிறது, கரும்பு வெயிலில் காய்கிறது என்று தெரிந்தும் அங்கேயே உட்கார்ந்து அவர் சொன்னதை முழுசாகக் கேட்டேன்.