பேரிழப்பும் வெறும் இழப்பும்

கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடமிருந்து ஒரு சொல்லைப் பறித்தவன் நான். இன்று காலை கைத்தொலைபேசியில் ஓர் அஞ்சலி வந்தது. யாரோ வளர்த்த நாய்க்குப் 'பேரிழப்பு' என்றிருந்தது. சிரிக்கப்போனேன்; குருநகர் திரேசம்மாவின் முகம் வந்து நின்றது.

அது போரும் பொருளாதாரத் தடையுமான காலம். பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பேன். பின்னேரங்களில் நகரத்து அச்சகமொன்றில் கண்ணீர் அஞ்சலிகளைத் திருத்துவேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வோடு அந்த அச்சகம் இல்லாமற் போயிற்று. நான் வேலை செய்த நாட்களில் அச்செழுத்துக் கழுவ மண்ணெண்ணெய் இல்லை, தாள் இல்லை. செத்தவர்களுக்கு மட்டும் குறைவில்லை. சொற்களுக்கும் நானே பங்கீட்டுக் கூப்பன் வைத்திருந்தேன். அதிபர், வைத்தியர், கோயில் தர்மகர்த்தா போனால் பேரிழப்பு. மற்றவர்களுக்கு இழப்பு. வேலி வழக்கிலேயே ஆயுளைக் கழித்த இணுவில் ஓவசியர் ஒருவருக்கு, அரசாங்க உத்தியோகத்தர் என்பதால், 'தமிழினத்துக்கே பேரிழப்பு' என்று எழுதிக் கொடுத்தேன். அவருடைய அயல் வீட்டுக்காரர் அன்றுதான் நிம்மதியாக நித்திரை கொண்டாராம்.

திரேசம்மாவின் கணவர் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. கொப்பித் தாளில் திரேசம்மாவே எழுதிக் கொண்டுவந்த அஞ்சலியில் 'பேரிழப்பு' என்ற சொல் இருந்தது. சிவப்புப் பேனையால் வெட்டினேன்.

"பேரிழப்பெண்டா ஊருக்கு வாறது, தங்கச்சி. உங்களுக்கு வந்தது இழப்பு."

"ஊருக்கு மீன் குடுக்க வேறை ஆக்கள் இருக்கினம், மாஸ்டர். எங்களுக்கு ஆர் இருக்கினம்? இதைவிடப் பெரிசாப் போறதுக்கு எங்களிட்டை என்ன கிடக்கு?"

"முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ," என்றேன்.

அடுத்த வருடம் என் மனைவி மருந்து கிடைக்காமல் இறந்தாள். பத்து வீட்டுக்கு அப்பால் அவளை ஒருவருக்கும் தெரியாது. அஞ்சலி எழுத உட்கார்ந்தேன். எந்த முறையையும் கேளாமல் என் கை பேரிழப்பு என்று எழுதியது. அச்சுக்கோப்பவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோத்தார்.

அதன் பிறகு, முதலாளியிடம் கெஞ்சி ஐம்பது தாள் வாங்கினேன். திரேசம்மாவின் அஞ்சலியைத் திருத்தி அச்சடித்து, சைக்கிளில் குருநகருக்குக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சுவரைக் காட்டினார். பழைய அஞ்சலி ஒட்டியிருந்தது. நான் வெட்டிய சொல் நீலப் பேனையால் தடிப்பாக எழுதப்பட்டிருந்தது.

"அண்டைக்கே நானும் மகளும் இருந்து எல்லாத் தாளிலையும் எழுதிப்போட்டுத்தான் ஒட்டினனாங்கள், மாஸ்டர்."

கொண்டுவந்த அஞ்சலிக் கட்டைத் திரும்பச் சைக்கிளில் வைக்கப்போனேன்.

"உந்தத் தாளுகளை ஏன் கொண்டுபோறியள்? பின்பக்கம் வெள்ளையாத்தானே கிடக்கு. பிள்ளை பள்ளிக்கூடப் பாடம் எழுதுவாள்."