துக்கக் குரலில் ஒரு தள்ளுபடி

அன்று காலை எங்கள் தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. குழாய் ஸ்பீக்கரில் பழக்கமில்லாத ஒரு இளைஞனின் குரல் "மிகுந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்" என்று தொடங்கியது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், ஏதோ கடை விளம்பரம் என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் சொல்வது கேட்டது. மைக் தாசையன் போய்விட்டாராம், நெஞ்சுவலியாம்.

இருபது வருடம் நம் பகுதியில் யார் இறந்தாலும் வீடு வீடாகத் தெரிவித்தது தாசையன் அண்ணனின் குரல்தான். அவர் இறந்ததைச் சொல்ல ஒரு குரல் வந்தபோது நான் ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். அப்படிச் சாத்தும்படி இந்த ஊரைப் பழக்கியதில் எனக்குப் பங்கு உண்டு. அவருடைய நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனைக்கு வெளியிடும் இந்தச் சிறு நூலுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார் அவர் மனைவி புஷ்பம் அக்கா. நல்ல வார்த்தைகள் நிறைய இருக்கின்றன. அவற்றோடு இதையும் சொல்லியாக வேண்டும்.

என் அப்பா கொத்தனார். அம்மா அண்டி ஆபீசில் முந்திரி உடைப்பவர். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நான். படித்து முடித்ததும் நாகர்கோவிலில் ஒரு சிறிய விளம்பர அலுவலகத்தில் வாசகம் எழுதும் வேலை கிடைத்தது. எனக்கு எழுத வரும், பேச வராது. முதலாளி கேள்வி கேட்டால் தாளை நீட்டிவிட்டுத் தலை குனிந்துகொள்வேன். நான் எழுதுவதை ஒலிப்பதிவு செய்து, தன் ஆட்டோவில் கொண்டுபோய் ஒலிபரப்பியவர் தாசையன் அண்ணன். முதல் நாள் நான் எழுதிய பாத்திரக்கடை விளம்பரத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். "மக்களே, எனக்கு மூச்சு விட ஒரு எடம் வச்சிருக்கலாம். சட்டி வாங்க ஆள் வருமுன்ன என்னைத் தூக்க ஆள் வந்துரும்" என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கே நான் சத்தமாகச் சிரித்தது அன்றுதான் முதல்முறை.

அவரிடம் இரண்டு குரல்கள் இருந்தன. விளம்பரத்துக்கு வேகமான, கொஞ்சம் மூக்கால் பேசும் குரல். மரண அறிவிப்புக்குத் தாழ்ந்த, நிதானமான குரல். மரணம் சொல்லப் போகும் நாளில் ஆட்டோவில் கட்டியிருக்கும் கடை பேனர்களை அவிழ்த்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஒவ்வொரு தெருமுக்கிலும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுச் சொல்வார். இப்போதுதான் எல்லோருக்கும் போனில் செய்தி வந்துவிடுகிறதே, ஏன் இவ்வளவு பாடு என்று ஒருமுறை கேட்டேன். "வண்டி ஓடிட்டே சொன்னா செத்தவருக்க பேருல பாதிதான் காதுல விழும். பாதிப் பேரு கேட்டவ அது தனக்க ஆளுன்னு நெனச்சிருவா. போன் இல்லாதவளுக்கு வேற யாரு உண்டு?" என்றார்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அந்த விளம்பரத்தை எழுதினேன்.

ஒரு துணிக்கடை பழைய கட்டடத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த கட்டடத்துக்கு மாறுகிறது. சரக்கைத் தள்ளுபடியில் தீர்க்க வேண்டும். ஆட்டோ விளம்பரத்தை இப்போது யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை, வீட்டுக்குள் இருப்பவளை வாசலுக்கு வரவைப்பது போல எழுது என்றார் முதலாளி. நம் ஊரில் எதைக் கேட்டால் எல்லோரும் வாசலுக்கு வருகிறார்கள் என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. "மிகுந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளாக உங்களோடு வாழ்ந்த..." என்று எழுதி, அங்கே ஒரு நீண்ட இடைவெளி விட்டேன். அதன் பிறகுதான் கடை, மூடல், பாதி விலை எல்லாம். விளம்பரம் புதிதாக எதையும் நம்பவைக்க வேண்டியதில்லை, மனிதர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டால் போதும் என்று அன்று கண்டுகொண்டேன். அதை என் திறமை என்று நினைத்தேன்.

தாசையன் அண்ணன் தாளை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். இதை வேகக் குரலில் வாசித்தால் போதாதா என்று என்னிடம் கேட்டார். மரணம் வாசிக்க மட்டும் தனி ரேட்டா தாசையா என்று முதலாளி கேலி செய்தார். அண்ணன் அதைக் கவனிக்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தார். எதற்கும் வாய் திறக்காத நான் அன்று தெளிவாகச் சொன்னேன்: "இல்லண்ணே. அந்தக் குரல்ல வாசிச்சாதான் எடுபடும்."

"படிச்ச பிள்ள சொல்லுகா. செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி மைக்கை இழுத்துக்கொண்டார்.

முதல் நாள் எப்படி எடுபடுகிறது என்று பார்க்க நானும் ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்து போனேன். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரைத் தெரு. ஒலி கிளம்பியதும் கதவுகள் திறந்தன. நான் எதிர்பார்த்தது போலவே பெண்கள் ஈரக்கையோடு வந்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் தெருவுக்கே ஓடி வந்து, நான் விட்டிருந்த அந்த இடைவெளியில் ஆட்டோவின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கணவன் கடலுக்குப் போயிருந்தான். தாசையன் அண்ணன் ஒலியை நிறுத்தி இறங்கிப் போய், ஒன்றுமில்லை, சீலைக்கடை விளம்பரம் என்றார். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அழுது முடித்து எழுந்து அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் வண்டியைத் திருப்பி, இனி இதைப் போடமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். ஆனால் பதிவு அலுவலகத்தில் இருந்தது. வேறு இரண்டு ஆட்டோக்களில் ஒரு வாரம் அது ஓடியது. கடையில் நிற்க இடமில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கடைக்காரர் கொடுத்தனுப்பிய சேலையை நான் கிறிஸ்துமஸுக்குக் கட்டினேன்.

சில மாதம் கழித்து அதே பக்கத்தில் ஒரு முதியவர் இறந்தார். தாசையன் அண்ணன் பேனரை அவிழ்த்துவிட்டுப் போய், முக்குக்கு முக்கு நிறுத்திச் சொல்லியிருக்கிறார். யாரும் வாசலுக்கு வரவில்லை. பிள்ளைகள் பின்னாலேயே ஓடி, "பாதி விலை, பாதி விலை" என்று கத்தியிருக்கிறார்கள். இறந்தவரின் தங்கை ரோசம்மாள் மூன்று தெரு தள்ளி இருப்பவர். எல்லைத் தகராறில் அண்ணனோடு பல வருடமாகப் பேச்சில்லை. அதனால் வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பவில்லை. ஆட்டோவில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. மறுபடியும் சீலைக்கடை என்று நினைத்து அடுப்பு வேலையைப் பார்த்திருக்கிறார். மறுநாள் மீன் கொண்டுவந்தவள் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

ரோசம்மாள் தாசையன் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது நான் அந்த முற்றத்தில்தான் நின்றேன். புதிய வாசகம் ஒன்றைக் கொடுக்கப் போயிருந்தேன். ரோசம்மாள் சத்தம் போடவில்லை. "எனக்க அண்ணன் முகத்தைக் கடைசியா ஒருக்கா பாத்திருப்பேன். உனக்க சத்தத்தை நம்பாமப் போனேன். யாருலே இப்பிடிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் மூன்றடி தள்ளி, கையில் தாளோடு நின்றேன். என்னைக் காட்டத் தாசையன் அண்ணனுக்கு ஒரு விரல் போதும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எனக்க தொண்டை. எனக்க தப்பு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ரோசம்மாள் போன பிறகும் திறக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று எல்லோரும் என்னைச் சொல்வார்கள். அன்று அது கூச்சமில்லை. முதலாளி முன்னால் பேச முடிந்தவள்தானே நான். அதன் பிறகு தாசையன் அண்ணன் விளம்பரம் வாசிக்கவே இல்லை. மரண அறிவிப்புக்கும் ஆட்கள் வேறு ஆட்டோவைத் தேடிப் போனார்கள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். வழியில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, வாறியா மக்களே, கொண்டு விடுகேன் என்பார். நான் ஒருநாளும் ஏறவில்லை.

இதை எழுதுவதற்கு முன், போன வாரம் ரோசம்மாள் வீட்டுக்குப் போய், அந்த விளம்பரத்தை எழுதியதும், அந்தக் குரலில் வாசிக்கச் சொன்னதும் நான்தான் என்றேன். "இதை எனக்கிட்ட இப்ப எதுக்குச் சொல்லுக? அவன் இருக்கும்போ அந்த முற்றத்துல வச்சுச் சொல்லியிருக்கணும்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

புஷ்பம் அக்கா, உங்கள் கணவரைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் என்னைப் பேசியிருக்க வேண்டியது. அவருக்காக நான் எத்தனையோ வாசகம் எழுதிக் கொடுத்தேன், எல்லாவற்றையும் அவர் வாசித்தார். நான் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும், யாரும் எழுதிக் கொடுக்காமல், அவரே எனக்காகச் சொன்னார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான்: என் தப்பு.