விமானத்துக்கு முன்னால் வந்தவன்

"ப்ளேன் பக்கத்துலகூட போனதில்ல, அது எத்தன மணி நேரத்துல போய்ச் சேரும்னு இவ சொல்றாளாம்!"

அண்ணன் சொல்லிச் சிரித்தான். அவன் முதன்முதலாக சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய வாரம் அது. பள்ளிக்கூட வரைபடத்தில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து, தூரத்தை அளந்து, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருந்தேன். அவன் ஐந்தாவதோடு நின்றவன். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள் நான். போய்ச் சேர்ந்ததும் அவனே போனில், "நீ சொன்ன கணக்குத்தான் பாப்பா" என்றான். அந்த வார்த்தையை வெகுநாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இறந்ததும், பாபநாசத்துக்குத் தெற்கே நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த வயலைப் பண்ணைக்காரர்கள் திரும்பக் கேட்டார்கள். "உழுறவனுக்கே நெலம்னு மேடைக்கு மேடை பேசுறாங்க. நம்மள யாரு கெளப்புவா?" என்றாள் அம்மா. விவசாயச் சங்கத்து ஆட்கள் அவளைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். நட்ட வயலிலிருந்து எங்களைக் கிளப்புவது கடினம். தரிசாகக் கிடந்தால், விட்டுவிட்டுப் போய்விட்டோம் என்று பண்ணையில் எழுதிவிடுவார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டு ஆண்மகன் முதல் நாற்றுமுடியைப் பிரித்து நட்ட பிறகே பெண்கள் வயலில் இறங்குவார்கள். "நான் வர்ற வரைக்கும் யாரும் நாத்துல கை வைக்காதீங்க" என்று அண்ணன் எங்கள் ஊர் ரைஸ்மில்லுக்கு வாராவாரம் போன் போட்டுச் சொன்னான். கடைசியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு, "சிங்கப்பூர் ஏர்போர்ட்ல நிக்கிறேன், இப்ப ஏறப்போறேன்" என்றான்.

நடவுக்கு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த பெண்களிடம் பெருமையாகச் சொன்னேன்: ஆகாயத்தில் நாலு மணி நேரம், பிறகு பஸ், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான்.

"அதுவரைக்கும் வெத்தல போட்டுக்கிட்டே ஒக்காந்திருக்கவா? போற வழியில ஒரு முடிய மேலேர்ந்து வீசச் சொல்லுடி ஒங்கண்ணன" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

பத்து மணிக்குத் தண்ணீர் பார்க்க வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலுக்குப் போனேன். வரப்பில் அண்ணன் நின்றிருந்தான். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி. பக்கத்தில் பண்ணைக் காரியக்காரர். பின்னால் டிராக்டர்.

ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அடுத்த கணம் நூல் அளவு நினைவுக்கு வந்தது. இந்நேரம் அவன் கடலுக்கு மேலே இருக்க வேண்டியவன்.

"எப்பண்ணே வந்தே?"

"ப்ளேன் சீக்கிரமா வந்துருச்சு பாப்பா."

"பாதிக் கடல்லயே எறங்கிட்டியா?"

காரியக்காரர் சிரித்தார். "இன்னும் எதுக்குப்பா மறைக்கிற? நாலு நாளா தஞ்சாவூர்ல பண்ணை வீட்டு மாடியிலதாம்மா இருக்காரு. நெலத்த விட்டுக்குடுத்துட்டாரு. டவுன்ல அவரு பேருக்கு ஒரு மனை தர்றாங்க."

"ஒனக்கும் கல்யாணம் காட்சி இருக்குல்ல" என்றான் அண்ணன், டிராக்டரைப் பார்த்தபடி.

வயலைவிட அந்தக் காலை போன்தான் என்னை அறுத்தது. எவ்வளவு நேரம் நான் நம்பிக் காத்திருப்பேன் என்பதை, நான் சொல்லிக்கொடுத்த கணக்கை வைத்தே அவன் அளந்திருக்கிறான்.

"அப்பாவுக்கப்புறம் இந்தச் சேத்துல எறங்கினது யாரு, நீயா நானா?" என்று கேட்டேன்.

வீட்டுப் பக்கம் திரும்பி, "எல்லாரும் வாங்க!" என்று குரல் கொடுத்தேன். "பொம்பள முதல் முடி வைக்கிறதாவது! வரப்புல ஏறு பாப்பா" என்று அண்ணன் கத்தினான். அதற்குள் நான் பாவாடையைத் தூக்கிச் செருகி, காலையில் பறித்துவைத்த நாற்றில் முதல் முடியைப் பிரித்து நட்டு, இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டிருந்தேன்.