ஃபிதென்சியோவுக்காக ஒப்துலியா குடித்த ஒயின்

என் சித்தி மகள் ஒப்துலியா ஒயினில் பாதிக்குப் பாதி லெமன் சோடா ஊற்றித்தான் குடிப்பாள். அவள் புருஷன் ஃபிதென்சியோவோ, அராண்டா ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்து விறகடுப்பில் பால்குட்டி ஆட்டுக்கறி சுடுகிறவர். வருஷா வருஷம் கடைக்கு வேண்டிய ஒயினை மூக்காலேயே தேர்ந்தெடுப்பார். அவள் சோடா பாட்டிலைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமாக வருகிற கசாப்புக்காரர் ஒயினைத் திருப்பி அனுப்பினார். ஃபிதென்சியோ ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த நான் முகர்ந்து பார்த்தேன். நனைந்த சாக்கு நாற்றம். ஒப்துலியாவிடம் சொன்னேன்.

அவள் அவரைச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய்க் கண்ணை மூடச் சொன்னாள். உரித்த பூண்டை மூக்கருகே பிடித்து, "இது என்ன?" என்றாள்.

வெகுநேரம் யோசித்து, "ரொட்டி" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல. கடையைக் கொடுத்துடலாம், ஒப்துலியா. வாசனை தெரியாதவன் யாருக்கு என்னத்தச் சுடுறது?"

"உப்பு தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப கறியை நீ சுடு. ஒயினை நான் பாத்துக்கறேன்."

"நீயா? சோடாக்காரியா?" என்று கேட்டார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒயின் வாங்கும் நாள் வந்தது. மூவரும் ஒயின் செய்கிற எலாடியோவின் நிலவறைக்கு இறங்கினோம். எலாடியோ மூன்று பீப்பாய்களிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். முதலாவதைக் குடித்த ஒப்துலியா அவரிடம், "இது உன் அண்ணி மாதிரி. வரும்போது ஒரே சிரிப்பு, அப்புறம் ஆளையே காணோம்" என்றாள். இரண்டாவது அவளுக்கு ஞாபகத்திலேயே நிற்கவில்லை. மூன்றாவது, மையைப் போலக் கறுத்திருந்தது. ஒரு வாய் குடித்ததும் கண்ணை இடுக்கிக்கொண்டாள்.

"இது வாசல்லயே சட்டையைப் பிடிக்குது, எலாடியோ."

"அது இன்னும் சின்னப் பிள்ளை. கொஞ்சம் முரடுதான்."

"முரட்டுப் பிள்ளைக்குச் சோறு போட்டுப் பாக்கணும்" என்று பையைத் திறந்தாள். அரிசியும் ரத்தமும் அடைத்து வறுத்த குடல், பழைய செம்மறிப் பால்கட்டி, காலையில் திராட்சைக் கொடிச் சுள்ளியில் வாட்டிய குட்டி ஆட்டு விலா எல்லாம் வெளியே வந்தன.

எலாடியோ என்னைப் பார்த்து, "பீப்பாய் பாக்க வந்தாளா, குடித்தனம் போக வந்தாளா?" என்றார்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கடி விலா, ஒரு வாய் ஒயின். முகம் தளர்ந்தது. குடலோடு குடித்துப் பார்த்துத் தலையாட்டினாள். பால்கட்டியோடு இன்னும் இரண்டு வாய். பிறகுதான் ஃபிதென்சியோ படிக்கட்டோரம் தள்ளி நிற்பதைக் கவனித்தாள்.

"வா இங்க. கடி."

"எனக்கு எதுக்கு? வீணா."

"கடின்னா கடி. கொழுப்பு இருக்கற பக்கம்."

கடித்தார், மென்றார், குடித்தார். பிறகு மறுபடியும் கடித்தார்.

"வாசனை ஒண்ணும் இல்ல," என்றார் மெதுவாக. "ஆனா நாக்கு வறளுது. வாயில இருந்த கொழுப்பையெல்லாம் வாரிட்டுப் போயிருச்சு. இன்னொரு துண்டு கேக்குது."

ஒப்துலியா கொழுப்பாகப் பார்த்து இன்னொரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். எலாடியோ எதையோ தேடுவதுபோலப் பீப்பாய்க்குப் பின்னால் போனார்.

மூன்றாவது பீப்பாயைத்தான் வாங்கினோம். கடையை விற்கவில்லை. கறிக்கும் குடலுக்கும் அந்தக் கறுப்பு ஒயின்தான். யாராவது ஆற்றுமீனோடு அதையே கேட்டால், "அந்தப் பாவத்தைப் பண்ணாதீங்க" என்று ஒப்துலியாவே வேறு எதையாவது ஊற்றிக் கொடுப்பாள்.

ஃபிதென்சியோவுக்கு வாசனை திரும்பவே இல்லை. ஞாயிறு மத்தியானம் கடைசி மேசையும் எழுந்துபோன பிறகு இருவரும் அடுப்பருகே உட்காருவார்கள். அவள் முகர்ந்து சொல்வாள், அவர் கேட்பார்.

"இன்னிக்கு என்ன?"

"பிளம்ஸ் பழம். கொஞ்சம் புகையிலை."

"போன வாரமும் அதேதான் சொன்ன."

"போன வாரமும் அதே பீப்பாதானே."