பதினான்கு துளைகளில் சுக்கிரன்

என் தங்கை ஷீபாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நாகர்கோவிலில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். கல்லூரி மாணவர்களுக்கு விண்வெளி அறிவியலையும் வானியலையும் அறிமுகம் செய்யும் மூன்று நாள் முகாம் ஹைதராபாத்தில் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், போயே தீருவேன் என்றாள். கடைசி நாளான 2004 ஜூன் 8 அன்று சூரியனுக்குக் குறுக்கே சுக்கிரன் கடந்து போகும். இதற்கு முன் அப்படி நடந்தது 1882-ல். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அவள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

சனி மாலை 6.10-க்குச் சென்னையில் ரயில் ஏறினோம். சுமார் 790 கிலோமீட்டர். ஸ்லீப்பர் ஆளுக்கு 290 ரூபாய். ஞாயிறு காலை எட்டு மணிக்கு செகந்திராபாத். அங்கிருந்து முகாம் நடக்கும் மாரெட்பள்ளி கல்லூரிக்கு மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழர். "மீட்டர் நக்கோம்மா, முப்பது குடுங்க" என்றார்; நக்கோ என்றால் இந்த ஊரில் வேண்டாம். (இருபது போதும். நீங்கள் பேரம் பேசுங்கள்.)

பதிவு மேஜையில் இருந்த பேராசிரியர் ஷீபாவின் கைத்தடியைப் பார்த்ததும் என்னைத் தனியே அழைத்தார். வகுப்புகளில் தாராளமாக உட்காரட்டும், ஆனால் செவ்வாய்க்கிழமை தொலைநோக்கி வைக்கும்போது இந்தப் பெண் என்ன செய்யும், ஏமாந்துதானே போகும் என்று தணிந்த குரலில் கேட்டார். ஷீபாவுக்குக் காது கூர்மை. இருந்த இடத்திலிருந்தே ஆங்கிலத்தில் சொன்னாள்: "சூரியனை யாரும் நேரா பார்க்கக் கூடாதுன்னு உங்க நோட்டீஸ்லயே இருக்காமே சார். அப்போ அன்னைக்கு எல்லாருக்கும் என் நிலைமைதானே?"

அவள் பெயரைப் பேராசிரியர் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதினார்.

இரண்டு நாள் வகுப்புகள். நட்சத்திரங்கள் பிறப்பதையும் அழிவதையும், செயற்கைக்கோள் கீழே விழாமல் சுற்றுவதையும் அவள் கேட்டுக் கேட்டு பிரெய்லில் குத்திக்கொண்டாள். அதைக் கவனித்த பேராசிரியருக்குத் திங்கள் மாலை ஒரு யோசனை வந்தது. தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை ஓர் அட்டையில் விழவைக்கத்தான் போகிறோம். சுக்கிரன் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறிப்பதற்குப் பதில் குண்டூசியால் குத்தினால் என்ன என்றார். குத்தும் வேலை எனக்கு.

செவ்வாய் காலை 10.45-க்குச் சூரிய வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடி தெரிந்தது. மொட்டைமாடியில் இருந்த அறுபது பேரும் அட்டையைச் சுற்றிக் கூடினோம். 11.05-க்குச் சுக்கிரன் முழுதாக உள்ளே வந்துவிட்டது. பதினாறு சென்டிமீட்டர் வட்டத்தில் ஐந்து மில்லிமீட்டர் கருப்புப் பொட்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குத்தினேன். ஒரு மணிக்கு மேல் மேகம் மூடிக்கொண்டது. மழைதான் என்று பாதிப் பேர் கீழே இறங்கினார்கள். ஷீபா நகரவில்லை. "வெயில் என் கையில பட்டா சொல்லுதேன்" என்றாள். இரண்டு மணிக்குச் சொன்னாள்; எல்லாரும் மேலே ஓடிவந்தார்கள். மேகத்தில் போனவை மூன்று போக, 4.25 வரை மொத்தம் பதினான்கு துளைகள்.

சூரியனின் விளிம்பையும் குத்திமுடித்து, அட்டையைத் திருப்பி அவள் மடியில் வைத்தேன். முதலில் வட்டத்தை ஒருமுறை சுற்றிவந்தாள். பிறகு புள்ளிகளின் மேல் விரலை மெதுவாக நகர்த்தினாள். நடுவில் இருந்த இடைவெளியில் விரல் நின்றது. மேகம் என்றேன். நாள் முழுக்கப் பார்த்தும் எனக்குத் தனித்தனிப் பொட்டுகள்தான் தெரிந்திருந்தன. அது ஒரு பயணம் என்பது அவள் விரல் போன வழியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பேராசிரியர் குனிந்து, சுக்கிரன் நமக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் ஐந்து மில்லிமீட்டர் பொட்டாகத் தெரிந்தது என்றார். இந்தச் சூரியன் பக்கத்தில் பூமியைக் கொண்டுபோய் வைத்தால் ஏறக்குறைய அந்த ஒரு துளை அளவுதான் இருக்குமாம்.

ஷீபா ஒரு புள்ளியில் விரலை அழுத்திக்கொண்டாள். "அப்போ நாம எல்லாரும் இதுக்குள்ளயாக்கா?"

ஆமாம் என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: அடுத்தது 2012 ஜூன் 6. இந்தியாவில் சூரியன் உதிக்கும்போதே சுக்கிரன் அதன்மேல் இருக்கும். காலை பத்தே காலுக்கு மேல் கிடையாது. கிழக்கே மறைப்பில்லாத மாடியாகப் பாருங்கள். கெட்டி அட்டையும் கூரான குண்டூசியும் கையில் இருக்கட்டும். அதை விட்டால் 2117. இதைப் படிக்கும் யாரும் அன்று இருக்கப் போவதில்லை. யாரைக் கூட்டிப்போக வேண்டுமோ அவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.