மான்சாவின் முடிச்சு

மேற்கு ஆப்பிரிக்காவின் அனொமாபு கடற்கரையில் அராபாவைத் திட்டாத வாய் கிடையாது. வந்து நிற்கும் ஒவ்வொரு அடிமைக் கப்பலுக்கும் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து, வாழைச்சருகில் பொதிந்து, டொக்கொனோ அவித்து விற்பவள் அவள். கப்பலின் அடித்தளத்தில் விலங்கோடு கிடப்பவர்களுக்கு அதுதான் சாப்பாடு.

"பிள்ளைங்கள முழுங்குற கப்பலுக்கு அவிச்சுக் கொட்டுறியே, உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையாடி?" என்று ஒருநாள் பக்கத்து வீட்டு எசுவோன் கேட்டேவிட்டாள்.

"உன் மக போயிருந்தா யார் கையால திங்கணும்னு நினைப்பே? சொல்லு, கேக்குறேன்."

எசுவோன் திரும்பி நடந்தாள். அராபாவின் மகள் மான்சா அப்படிப் போனவள்தான்.

போகவைத்தவன் அராபாவின் அண்ணன். வெள்ளைக்காரனிடம் இந்தியாவில் நெய்த நீலத் துணியும், வெடிமருந்தும், சாராயமும் வாங்கிக்கொண்டு, ஈடாகத் தங்கை மகளைக் கப்பலில் விட்டுவைத்தான். தாய்மாமனுக்கு அங்கே அந்த உரிமை உண்டு. உள்நாட்டிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து கொடுத்துவிட்டு மருமகளை மீட்டுக்கொள்வதாகப் பேச்சு. அவன் திரும்பி வருவதற்குள் கப்பல் பாய் விரித்துவிட்டது. பாவி, அந்த நீலத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டே தங்கையிடம் வந்து அழுதான்.

மான்சா சின்னவளாக இருந்தபோது, பானை இறங்கியதும் "என்னுது எது, என்னுது எது" என்று நச்சரிப்பாள். அவளுக்கென்று ஒன்றைச் சிறிதாகப் பிடித்து, வாழைநாரை இரண்டு வளையம் விட்டு இரட்டைக் கண்ணாக முடிந்துவைப்பாள் அராபா. மகள் போன பிறகும் கப்பலுக்குப் போகும் ஒவ்வொரு கூடையிலும் அப்படி ஒன்று இருந்தது. எத்தனையோ கப்பல் போகிறதே, ஏதாவது ஒன்று அவள் இருக்கும் கரைக்குப் போகாதா?

"அக்கா, அது அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பூசணம் பிடிச்சுடும்" என்பான் படகோட்டி எபோ.

"நார் கெடாதுல்ல? நீ படகைப் பாருடா."

பிறகு ஒருநாள் எபோ ஓடிவந்தான். வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டில் சட்டம் போட்டுவிட்டார்களாம். இனி ஆள் வாங்கமாட்டார்களாம். இப்போது நிற்பதுதான் கடைசிக் கப்பல்.

"ஒழிஞ்சாங்க!" என்று கத்தினாள் அராபா. அடுத்த கணமே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ என் புள்ளைக்கு யாருடா கொண்டுபோவாங்க?"

மறுநாள் கரையில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஆட்களைப் பார்த்து எடுக்கும் வெள்ளைக்காரனுக்கு முன்னால் போய் நின்றாள். "என்னையும் ஏத்திக்கோ. ஒண்ணும் தரவேண்டாம்."

அவன் அவள் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். தோளைப் பிடித்துப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கையால் ஒதுக்கிவிட்டான். சும்மா கொடுத்தாலும் வயசானவள் வேண்டாமாம்! அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கடைசி வழியும் அடைபட்டது.

படகில், வடக்கே உள்நாட்டிலிருந்து பிடித்துவந்த பெண் ஒருத்தி கை கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தாள். அராபா தண்ணீரில் இறங்கி, இரட்டைக் கண் முடிச்சுப் போட்டதை அவள் மடியில் வைத்தாள். "இந்த முடிச்சைத் தெரிஞ்சவ ஒருத்தி அங்க இருப்பா. மான்சான்னு பேரு. அம்மா அடுப்பு இன்னும் எரியுதுன்னு சொல்லு தாயி."

படகில் ஏற்றி ஏற்றி அந்த மொழி பழகியிருந்த எபோ, அவளிடம் எடுத்துச் சொன்னான். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, அழுதுகொண்டே ஏதோ சொன்னாள்.

"என்னடா சொல்றா?"

"அவ ஊரு சலாகாவாம். பேரு லாமியாம். அவ அம்மாவைப் பார்த்தா, மக உயிரோடதான் போறாள்னு சொல்லச் சொல்றா."

இத்தனை வருஷத்தில் படகில் ஏறிய எந்தப் பெண்ணின் பெயரையும் அராபா கேட்டதில்லை. ஒவ்வொருத்தியும் மான்சா இருக்கும் கரைக்குப் போகிறவள், அவ்வளவுதான். படகு அலையைத் தாண்டும்வரை "லாமி, லாமி" என்று அவள் கத்திக்கொண்டே நின்றாள்.

எபோ திரும்பி வந்தபோது அவள் மிச்சமிருந்த டொக்கொனோவை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"சலாகாவுக்கா? உனக்குப் பைத்தியமாக்கா? காட்டு வழி. உன்னையே பிடிச்சு வித்துருவானுங்க!"

"என்னை எவன்டா வாங்குவான்? கப்பல்காரனே வேண்டாம்னுட்டான்." மூட்டையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாள். "என் வாசலுக்கு ஒருத்தரும் வந்து சொல்லலடா எபோ. அவ வாசலுக்காவது நான் போறேன்."